கூடைக்காரியின் படம்: பொதுசனத் தொடர்புத் தொழிலும் சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகளும்

நூற்றாண்டு மலருக்கான கட்டுரைகளைப் பங்கிட்டபோது, பழைய மாணவிகள் சென்ற தொழில்கள் என்ற தலைப்பின் கீழ் ஆசிரியப் பணி, தாதியர் சேவை, தபாற் சேவை, அரச எழுதுவினைஞர் சேவை என்று ஒவ்வொன்றுக்கும் எழுத ஆள் கிடைத்துவிட்டது. பத்திரிகைத் தொடர்பு, விளம்பரம், பொதுசனத் தொடர்பு என்ற பக்கத்துக்கு மட்டும் ஒருவரும் கையை உயர்த்தவில்லை. அந்த வேலைக்குப் போனவர்கள் எங்களில் ஒரு சிலர்தான். ஆகவே அந்த ஒரு சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் அனுபவத்தை மட்டும் எழுதினால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். எழுத உட்கார்ந்த பிறகுதான் இந்தத் தொழில் எங்கள் மலைகளுக்குப் புதியதில்லை என்பதும், எமது சங்கத்தை விட அதற்கு வயது கூட என்பதும் விளங்கியது.

தோட்டத்தில் எங்கள் வேலையை விளங்கப்படுத்துவது எப்போதும் கஷ்டமாகவே இருந்தது. டீச்சர் என்றால் தெரியும், நர்ஸ் என்றால் தெரியும். எங்களில் ஒருவரின் அம்மா பக்கத்து லயத்தாருக்குச் சொன்ன விளக்கம் இது: "கொழும்புல பேப்பருக்கு எழுதிக் குடுக்கிற வேலை." அதில் பெரிய பிழை இல்லை. ஒரு கம்பனியோ வங்கியோ தொண்டு நிறுவனமோ தன்னைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்ல விரும்புவதை எழுதிக் கொடுப்பது, பத்திரிகையாளரை அழைப்பது, சங்கடமான கேள்வி வந்தால் பதில் தயாரிப்பது, மறுநாள் எந்தப் பத்திரிகையில் எவ்வளவு வந்தது என்று வெட்டி ஒட்டுவது, இவைதாம் வேலை. விளம்பரக்காரர் பத்திரிகையில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். நாங்கள் அதே இடத்தைச் செய்தியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இந்தத் தொழிலை எமது நாட்டில் வளர்த்தது தேயிலை. கோப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை பரவிய காலத்தில், இலங்கைத் தேயிலை என்ற பெயரையே உலகம் கேட்டிருக்கவில்லை. அப்போது ருசி பழகியிருந்தது சீனத் தேயிலைக்கு. துரைமார் சங்கம் அதை மாற்ற வேண்டியிருந்தது. 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலைக்கு இடம் அமைத்து, பத்து இலட்சம் பொதிகள் விற்றதாகத் தேயிலை வரலாற்றில் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1890இல், இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற பொருளில் ஒரு வாசகத்தை உலகம் முழுவதும் பரப்பினார். அந்த விளம்பரங்களில் முதுகில் கூடை, தலையில் முக்காடு, கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். அவளுக்குப் பெயர் இருக்கவில்லை. இன்றைக்கும் எத்தனையோ பெட்டிகளில் அவள் அப்படித்தான் நிற்கிறாள்.

எங்கள் பக்கத்தில், முக்கியமாகக் கேகாலைப் பக்கத்தில், பாதித் தோட்டங்கள் இறப்பர்த் தோட்டங்கள். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பெண்ணின் படத்தை ஒரு பெட்டியிலும் நாங்கள் கண்டதில்லை. ஒட்டுப்பால் பிடித்த கையும் வாளியும் படத்துக்கு ஆகாது போலும்.

1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது அறவிட்ட தீர்வையில்தான் அது நடந்தது. அதற்கு அமர்த்தப்பட்ட ஜேர்வாஸ் ஹக்ஸ்லி, லண்டனில் பிரித்தானியப் பேரரசின் பொருள்களுக்குப் பிரசாரம் செய்து பழகியவர். அந்தச் சபையின் செலவில் 1934இல் எடுக்கப்பட்டதுதான் 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படம். இயக்கியவர் பசில் ரைட், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்றது. உலகின் சிறந்த ஆவணப்படங்களைப் பட்டியலிடும் எவரும் அதை விடுவதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு பாடநூல் மாதிரி. தேயிலை வாங்குங்கள் என்று ஓரிடத்திலும் கேட்காமல், ஒரு நாட்டின் மேல் ஆசையை உண்டாக்கும் விளம்பரம் அது.

நாங்கள் அதை வேறு கண்ணோடு பார்த்தோம். படத்தின் முதற் பகுதியிலேயே எங்கள் மாகாணத்தின் உச்சியில், சிவனொளிபாத மலை ஏறும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். எங்களுக்குப் பழகிய படிகள் அவை. பின்னணிக் குரல் கொழும்பைச் சேர்ந்த கலைஞர் லயனல் வென்ட் உடையது. அவர் வாசிக்கும் சொற்கள், 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபட் நொக்ஸ் எழுதியவை. மூன்றாம் பகுதியின் பெயர் வணிகத்தின் குரல்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள். மேலே ஒலிப்பது சந்தையின் குரல். படம் அழகானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெண்கள் தம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அதில் இடமில்லை.

அந்தப் பெண்ணின் சம்பளம் என்ன? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம், தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். உலகச் சந்தை விழுந்ததும் 1930களின் தொடக்கத்தில் அதையும் குறைத்தார்கள். பிரசார சபை பிறந்ததும் அதே காலத்தில்தான். தேயிலைத் தீர்வையில் அவளுடைய விரலும் இருந்தது என்றால், தன்னுடைய படத்தை அச்சிடவும் அவள் ஒரு பங்கு கொடுத்திருக்கிறாள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைக்க 1984 வரை ஆயிற்று. எங்களில் மூத்தவர்கள் அப்போது பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தோம்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருகிறோம். சம்பளம் கொடுக்கத் தீர்வையும் லண்டன் அலுவலகமும் இல்லாமல், கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் நடத்திய ஒரு பிரசார நிலையம் இதே காலத்தில் இந்நாட்டில் இருந்தது. சிறிய நிறுவனத்தில் வேலை செய்வது என்றால் என்ன என்று எவராவது எங்களைக் கேட்டால் நாங்கள் முதலில் சொல்லும் பெயர்கள் கோதண்டராம நடேசய்யர், மீனாட்சி அம்மை.

நடேசய்யர் 1887இல் பிறந்த தஞ்சாவூர்க்காரர். வணிகக் கல்வி படிப்பித்தவர், 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். இலங்கைக்கு வந்து தோட்டங்களைப் பார்க்க விரும்பியபோது வெளியாள் உள்ளே நுழைய முடியவில்லை. தோட்டம் துரையின் சொந்த நிலம். அனுமதியின்றிக் கால் வைத்தால் அத்துமீறல். புடவை வியாபாரியாக வேடம் போட்டு அவர் லயங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் எல்லோரும் அறிந்த கதை. இன்றைய தொழில் மொழியில் இதைக் கள ஆய்வு என்போம். எங்களுக்கு வாகனமும் அடையாள அட்டையும் தருகிறார்கள். அவருக்கு ஒரு துணி மூட்டைதான் இருந்தது.

1921இல் அவர் 'தேசநேசன்' நாளிதழைத் தொடங்கினார். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போவதற்குத் துரையிடம் பெற வேண்டியிருந்த துண்டு முறை ஒழிக்கப்பட்டதும் அந்த ஆண்டிலேயே. கடன் பாக்கி எழுதிய அந்தத் துண்டை வைத்துத்தான் ஒரு குடும்பத்தையே பிடித்து வைத்தார்கள். எமது பூட்டிமார் காலத்தில் தோட்டத்துத் தமிழருக்குக் காகிதம் என்றால் துண்டு, இல்லாவிட்டால் செக்ரோல். தங்களுக்காக எழுதப்பட்ட காகிதம் என்று ஒன்று அதன் பிறகுதான் லயத்துக்கு வந்தது.

'தேசநேசன்' நின்ற பிறகு 'தேசபக்தன்' வந்தது. ஆங்கிலத்தில் 'சிற்றிசன்', 'ஃபோர்வார்ட்' என்ற பத்திரிகைகள். தமிழ்ப் பத்திரிகை தொழிலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கடைக்காரருக்கும். ஆங்கிலப் பத்திரிகை துரைக்கும் சட்ட சபைக்கும் இந்தியாவிலிருந்த தலைவர்களுக்கும். ஒரே குறையை யாருக்கு எந்த மொழியில் எந்த அளவில் சொல்வது என்பதை அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். 1925இலிருந்து சட்ட நிரூபண சபையிலும், 1936 முதல் 1947 வரை அற்றன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபையிலும் இருந்தார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கினார். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் அதற்கு முன் துணைத் தலைவராக இருந்து பிரிந்து வந்த கதை நீண்டது, இங்கே வேண்டாம்.

எங்களை அதிகம் நிறுத்திப் பார்க்க வைத்தவர் மீனாட்சி அம்மை. எழுதிய பத்திரிகையை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் கண்டவர் அவர். எல்லோர் வாயிலும் இருந்த மெட்டுகளுக்குத் தொழிலாளியின் குறைகளைச் சொல்லும் பாட்டுகளை எழுதி, கூட்ட மேடைகளில் தாமே பாடினார். பாட்டைக் கேட்டவர்கள் அடுத்த நாள் கொழுந்து மலையில் அதைப் பாடுவார்கள். அதற்கு அச்சுக்கூலி இல்லை, அத்துமீறல் வழக்கும் இல்லை. 1940இல் அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற நூலாக வெளிவந்தன. இந்தியத் தொழிலாளரை வெளியேற்றும் பேச்சு அரசாங்க மட்டத்தில் வலுத்திருந்த நேரம் அது. பத்திரிகைப் பணியிலும் அவர் பங்கெடுத்தார். 'தேசபக்தன்' பக்கங்களில் பெண்களின் உரிமைகள் பற்றி எழுதினார். அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க ஒரு தகவல்: 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது, அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண், எங்கள் கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதியின் அடலின் மொலமுரே.

மேடைப் பாட்டு, பத்திரிகை, துண்டுப் பிரசுரம், நாடகம், மனு, சபைப் பேச்சு என்று எல்லாம் இரண்டு பேரின் கையால் நடந்தது. மலையக எழுத்தாளர் சாரல் நாடன் பழைய பிரதிகளைத் தேடி இவர்களைப் பற்றி நூல்கள் எழுதியிராவிட்டால் எங்கள் தலைமுறைக்கு இதில் பாதியும் தெரிந்திருக்காது. பாடசாலையில் வரலாற்றுப் பாடத்தில் ஜேம்ஸ் டெயிலரைப் படித்தோம், மீனாட்சி அம்மையைப் படிக்கவில்லை.

அற்றனும் நுவரெலியாவும் மலையகம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் ஊர்கள். சப்ரகமுவ அப்படி அல்ல. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, எஹலியகொடை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்று எங்கள் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது, அவற்றில் ஒன்றும் சப்ரகமுவவில் இல்லை. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்த சின்ன ரயிலும் பின்னர் பாதியில் நின்றுபோனது. எங்களுக்கு நடப்பது வெளியே தெரிய எப்போதும் நாள் எடுத்தது.

1946இல் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம், பின்னால் வேண்டியிருக்கும். கேகாலை மாவட்டம் உந்துகொடையில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். கிராமத்தவருக்குக் காணி பகிர்ந்து கொடுக்க அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அங்கே பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்தது. அவர்கள் போக மறுத்தார்கள். இருந்த வீட்டில் இருந்ததற்காக அத்துமீறல் வழக்கு வந்தது. தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கிராமத்தவருக்கும் காணி இல்லை என்பது உண்மை. கோப்பியும் தேயிலையும் அவர்களுடைய மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்ட கதை அவர்களுக்கு உண்டு. ஆனால் பத்திரிகைகளில் யார் குடியிருப்பாளர், யார் அத்துமீறியவர் என்ற சொற்களை யார் முதலில் எழுதினார்களோ அவர்கள் பக்கமே வாசகர் சாய்ந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. பிறகு 1964 ஒப்பந்தம். எமது அக்காமார் எத்தனையோ பேர் பாதிப் படிப்பில் கப்பல் ஏறினார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாட்டரசு தாயகம் திரும்பியோருக்காக அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடை சுமந்தவர்கள் அவர்களில் உண்டு. இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும் என்று நம்புகிறோம். 1977இலும் 1983இலும் எங்கள் மாகாணத்தில் நடந்தவற்றை வேறு கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில் ஆங்கில வாசகருக்கு எங்களைச் சொன்னவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலை உறுப்பினராகப் பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கவாதி, கவிஞர். 1970இல் வெளிவந்த 'போர்ன் டு லேபர்' நூலில் அவர் தோட்டத்து மனிதர்களைப் பெயரும் பழக்கவழக்கமுமாக எழுதினார். பெட்டியில் நின்ற கூடைக்காரிக்கு வாய் திறக்க இடம் கொடுத்த எழுத்து என்று அதைச் சொல்வோம்.

எங்கள் கதைக்கு வருவோம். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த நிறுவனங்கள் சிறியவை. கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கைந்து பேர், ஒரு தொலைபேசி. பெரிய விளம்பர நிறுவனங்களில் கணக்குக்கு ஒருவர், எழுத ஒருவர், படத்துக்கு ஒருவர் என்று இருப்பார்கள். எங்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை. முதல் மாதம் செய்த வேலை பத்திரிகை வெட்டுவது. விடியற்காலையில் பதினைந்து பத்திரிகைகளை விரித்து, வாடிக்கையாளரின் பெயர் வந்த செய்தியை வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, அடிமட்டத்தால் அளந்து, எத்தனை பத்தி, எத்தனை அங்குலம் என்று எழுத வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் மூன்று மாதத்தில் எந்தப் பத்திரிகை எந்தச் செய்தியை முன் பக்கத்தில் போடும், எதை எட்டாம் பக்கத்தில் புதைக்கும் என்பது கைக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலும் அதைப் படிப்பிக்க மாட்டார்கள்.

பிறகு தமிழ் அறிக்கை. மூன்று மொழியிலும் ஊடக அறிக்கை போக வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஆங்கிலம் இரண்டு வாரம் எழுதப்படும், சிங்களம் இரண்டு நாளில் வரும், தமிழ் கடைசி நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு மேசைக்கு வரும். "பிள்ளை, இதைத் தமிழில் போட்டுத் தாரும், எட்டு மணிக்கு அனுப்ப வேண்டும்." பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அங்கே யூனிகோட், யூனிகோடில் அனுப்பினால் அங்கே பாமினி. கொம்பும் காலும் இடம் மாறிப் போய், ஒரு வங்கித் தலைவரின் பெயர் வேறு ஏதோவாக அச்சான நாளும் உண்டு. திட்டு எங்களுக்குத்தான் விழுந்தது. நியாயம் இல்லைதான், ஆனால் பழி போட வேறு ஆளும் அங்கே இல்லையே.

சிறிய இடத்தின் நன்மையும் அதுதான், கஷ்டமும் அதுதான். ஒரே வருடத்தில் அறிக்கை எழுதி, பத்திரிகையாளர் மாநாட்டுக்குக் கதிரை போட்டு, பெயரட்டை அச்சிட்டு, வாடிக்கையாளரின் முன்னால் நின்று கணக்குச் சொல்லி, கொடுக்காத காசைக் கேட்டுப் போய் வந்துவிடுவோம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினால் அந்த மாதச் சம்பளம் பதினைந்தாம் திகதிக்குத் தள்ளிப்போகும். கற்றுக் கொடுக்கத் தனியாக ஒருவரும் இல்லை. எங்களுக்கு முன்னால் சேர்ந்த ஒரு அக்கா, நாங்கள் எழுதிய முதல் அறிக்கையில் முதல் பத்தியை முழுதாக அடித்துவிட்டு, "யார், என்ன, எப்போது, எங்கே. மிச்சத்தைக் கடைசியில் வை. ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார்" என்று சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. அது இன்றும் உதவுகிறது.

கூடைக்காரியின் படம் எங்கள் மேசைக்கும் வந்தது. தேயிலையோடு சம்பந்தப்பட்ட ஒரு வாடிக்கையாளரின் சிற்றேடு. அட்டையில் சிரித்தபடி ஒரு பெண். கீழே, மகிழ்ச்சியான தொழிலாளி என்ற பொருளில் ஆங்கில வரி. தமிழாக்கும் வேலை எங்களுக்கு. இந்த அம்மாவின் பெயர் என்ன, படத்தைப் போட அவரிடம் கேட்டார்களா என்று கேட்டோம். அலுவலகத்தில் ஒரு நிமிடம் சத்தம் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கவும் இல்லை. எங்கள் முதலாளி நல்ல மனிதர், வாடிக்கையாளரிடம் பேசினார். மகிழ்ச்சி போய், பெயரும் தோட்டமும் சேவைக் காலமும் வந்தன. எல்லா இடத்திலும் இது நடந்ததில்லை. வேறொரு வேலையில் இதையே கேட்டதற்கு அந்தக் கணக்கு எங்களில் ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு அனுபவத்தையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட எங்களை உலுக்கியது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஊவாவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே 17ஆம் திகதி எங்கள் மாவட்டத்திலேயே, அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்திலும் மலை இறங்கியது. 2017 மே மாதம் இரத்தினபுரி. அதன் பின் ஒரு மழைக்காலத்துக்கு முன், தோட்ட மக்களுக்கான எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரம் தயாரிக்கும் வேலை ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு வந்தது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. சிவப்பு நிலை அறிவித்தால் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல். அதை நாங்கள் "உடனடியாக வெளியேற வேண்டும்" என்று தமிழாக்கினோம். இலக்கணப்படி சரி. அகராதிப்படியும் சரி.

அச்சுக்கு முன் ஒரு தோட்டத்தில் வாசித்துக் காட்டினோம். அதுவும் எங்கள் அக்காவின் பிடிவாதத்தால்தான். காசு கொடுப்பவர் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில் இருபது பேர் வரை இருந்தார்கள். வாசித்து முடித்ததும் ஒரு வயதான அம்மா கேட்டார்: "ஏம்மா, எங்கள லயத்த விட்டு கெளப்பப் பாக்குறாங்களா?" இன்னொருவர், "போயிட்டா திரும்பி வர விடுவாங்களா?" என்றார். வெளியேறு என்ற சொல் அந்த லயத்தில் மழையோடு சேர்ந்ததாக இருக்கவில்லை. அது நேவ்ஸ்மயர் அறிவித்தலின் சொல், ஒப்பந்தக் காலத்தின் சொல், காணி கைமாறும்போது வரும் சொல். அந்தத் தாள் அப்படியே போயிருந்தால், சிவப்பு அறிவித்த இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணியே இருந்திருப்பார்கள்.

திரும்ப எழுதினோம். "மழை கூடினால் எல்லோரும் ஸ்கூலுக்குப் போய் இருங்கள். மழை விட்டு, மலையைப் பார்த்துச் சொன்ன பிறகு வீட்டுக்கு வரலாம். வீடு உங்கள் வீடுதான்." கடைசி வாக்கியத்தைச் சட்டப்படி எழுத முடியாது என்று தொண்டு நிறுவனத்தில் ஒருவர் சொன்னார். லயம் அவர்கள் பெயரில் இல்லையே என்பது அவருடைய நியாயம். அவர் சொன்னது உண்மை, அந்த உண்மை எங்களை அதிகம் சுட்டது. இழுபறிக்குப் பின் அந்த வாக்கியம் போய், அதன் இடத்தில் "திரும்பி வருவதை யாரும் தடுக்க முடியாது" என்பது நின்றது. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், மருந்து, பிள்ளையின் புத்தகப் பை என்று எடுத்துப் போக வேண்டியவற்றைப் படமாகப் போட்டோம். தப்பு அடித்துச் சொல்வது என்று தோட்டத்து இளைஞர்களே முடிவு செய்தார்கள், மைக் வேலை செய்யாத நேரத்துக்கு. மீனாட்சி அம்மையின் மேடைப் பாட்டை அன்று பஸ்ஸில் திரும்பும்போது பேசிக்கொண்டோம்.

அந்த வேலைக்குப் பிறகு எங்களில் இரண்டு பேர் பதவி உயர்ந்தோம், ஒருவர் தொண்டு நிறுவனம் ஒன்றின் தொடர்பாடல் பிரிவுக்குப் போனார், ஒருவர் சொந்தமாக இரண்டு அறை எடுத்தார். சொந்தமாக எடுத்தவரின் முதல் விதி, தமிழ் அறிக்கை முதல் நாளே எழுதப்பட வேண்டும் என்பது. வாடிக்கையாளர் சிலர் இதற்காகவே வருகிறார்கள், சிலர் இதற்காகவே போகிறார்கள்.

எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் நிறுவனம் என்று ஒன்றும் இல்லாமலே இந்த வேலையைச் செய்கிறார்கள். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடியபோது, அழைப்பு போனது கைத்தொலைபேசி வழியாக. 2023இல், வந்த இருநூறாவது ஆண்டை நினைந்து ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது, மூன்று மொழியிலும் கோரிக்கைகள் வெளிவந்தன. தமிழ் கடைசியில் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அதை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இந்த மலருக்குப் படங்கள் சேர்த்தபோது பழைய அலுமாரியிலிருந்து ஒரு படம் கிடைத்தது. பாடசாலை முற்றத்தில் மூன்று வரிசையாக மாணவிகள், பின்னால் தேயிலை மலை. பின்புறத்தில் ஆண்டு எழுதியிருந்த இடம் ஈரத்தில் கரைந்துவிட்டது. முதல் வரிசையில் ஆசிரியைகளை மூத்த அக்காமார் அடையாளம் கண்டுவிட்டார்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவரும், கடைசி வரிசையில் வலப்பக்கத்து மூவரும் யாரென்று தெரியவில்லை. பெயர் இல்லாமல் படத்தை அச்சிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த மலரில் அதைச் சேர்க்கவில்லை. சங்க அலுவலகத்தில் பிரதி இருக்கிறது. ஊரிலோ, கோத்தகிரியிலோ, கனடாவிலோ இருந்து இதை வாசிப்பவர்கள் கேட்டெழுதினால் அனுப்பி வைப்போம். அந்த நால்வரில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அல்லது அது நீங்களாகவே இருக்கலாம். பெயரையும், முடிந்தால் தோட்டத்தையும், செயலாளருக்கு எழுதுங்கள்.